கையைப் பிடிப்பதா, வழியை விடுவதா?

நான் பத்தாவது வரை படித்தவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க மாமனார் நாற்பது வருஷம் தறியில் லுங்கி நெய்தவர். கண் நீர் அழுத்த நோயால் அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. வலியே இல்லாமல் மெதுவாகப் போனதால் எங்களுக்குத் தெரியவில்லை. இந்த நோயில் போன பார்வை திரும்பாது. அதனால் நாற்பது வயசைத் தாண்டியவர்கள் கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெள்ளைக் குச்சி வாங்கிக் கொடுத்தோம். தரையில் உள்ள கல், படி, பள்ளத்தை அது சொல்லிவிடும். முழங்காலுக்கு மேலே இருப்பதைச் சொல்லாது. ஒருநாள் டீக்கடைக்குப் போனவர், தெருவில் நிறுத்தியிருந்த டிராக்டர் டிரெய்லரில் நெற்றியை இடித்துக்கொண்டு ரத்தத்தோடு வந்தார். குச்சி டிரெய்லருக்கு அடியில் போய்விட்டது. நாலு தையல் போட்டார்கள். அன்றைக்கே குச்சியை எடுத்துப் பரண்மேல் போட்டேன். "இனிமே எங்கயும் போக வேணாம் மாமா, என்னைக் கூப்பிடுங்க"ன்னு சொன்னேன். பாசத்தில்தான் சொன்னேன். ஆனால் ஒரு வருஷம் அவர் திண்ணையை விட்டு இறங்கவில்லை. சாப்பாடும் குறைந்துபோச்சு. ஒருநாள், "கண்ணுதாம்மா போச்சு, காலு இன்னும் இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அதன் பிறகு ஒரு முகாமில்தான் 'ஸ்மார்ட் கேன்' பற்றித் தெரிந்துகொண்டோம். டெல்லி ஐஐடியில் உருவாக்கி 2014-இல் வெளியிட்டது. சென்னையில் உள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. வெள்ளைக் குச்சியின் மேல்பக்கம் மாட்டும் கைப்பிடி அது. வௌவால் மாதிரி, நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். எதிரே இருப்பதில் பட்டு ஒலி திரும்பி வந்தால் கைப்பிடி அதிரும். முழங்காலில் இருந்து தலை உயரம் வரை இருப்பதை, வெளியே 3 மீட்டர் தூரத்திலேயே சொல்லிவிடும். செல்போன் மாதிரி சார்ஜ் போட வேண்டும்.

உடம்பில் அணிகிற கருவிகளும் வந்திருக்கின்றன. ஹைதராபாத்காரர்கள் செய்த 'லேசல்' என்ற ஷூ செல்போனோடு சேர்ந்து வேலை செய்யும். இடப்பக்கம் திரும்ப இடது கால் அதிரும், வலப்பக்கம் திரும்ப வலது கால் அதிரும். கேமரா வைத்த மூக்குக்கண்ணாடி, எதிரே இருப்பதைக் காதில் சொல்லும். ஆனால் எதை அணிந்தாலும் காலடிப் பள்ளத்துக்குக் குச்சிதான் துணை. அதைக் கீழே வைக்கக் கூடாது.

கருவி வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. எந்த அதிர்வுக்கு எவ்வளவு தூரம் என்று பழக வேண்டும். நான் கையைப் பிடிக்காமல் பின்னாலேயே நடந்தேன். அது எனக்குத்தான் கஷ்டம். முதல் நாளே அவர் கழுத்தில் மாட்டியது எது தெரியுமா? நான் கட்டிய துணிக்கொடி! கயிறு மெல்லிசு, கருவிக்குத் தெரியவில்லை. அடுத்து முந்திரிக்கொட்டை காயவைத்த தார்ப்பாய். அதுவும் நம்ம வீட்டுதுதான். டிரெய்லரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

இப்போது அவர் தினமும் தனியாக டீக்கடைக்குப் போய் வருகிறார். திரும்பி வரும்வரை எனக்கு மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனாலும் கூப்பிடப் போவதில்லை.

சகோதரிகளே, மூன்று கோரிக்கை. உங்க தெருவில் பார்வை இல்லாதவர் இருந்தால், கடலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்கவும், உபகரணத்துக்கு மனு எழுதவும் குழுவில் ஒருத்தர் கூடப் போங்கள். அவருக்கு உதவும்போது குச்சியைப் பிடித்து இழுக்காதீர்கள். கேட்டுவிட்டு உங்க முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொள்வார். மூன்றாவது, கொடி, கட்டில், வண்டி எதுவும் வழியில் இருக்கக் கூடாது என்று அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதுங்கள். எங்க குழுவில் எழுதிவிட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது.