புகை வந்தால் வண்டியை நிறுத்து, புகாரை எழுது!

(மும்பையில் நமது சங்கத்தின் டாக்சி ஓட்டுநர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் உறுப்பினர் ஒருவரின் டாக்சி சென்ற மாதம் சயான்-பன்வேல் சாலையில் எரிந்துபோனதை அறிவீர்கள். சவாரி வந்த தாயும் பிள்ளையும் இறங்கித் தப்பினார்கள். வண்டி போயிற்று, கடன் தவணை மட்டும் மிச்சம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ்தான் இருந்தது. அதில் சொந்த வண்டிக்குக் காசு கிடையாது. அதற்கு முன் இரண்டு முறை "பெட்ரோல் வாடை வருகிறது" என்று சர்வீஸ் நிலையத்தில் சொல்லியிருக்கிறார். வாயால் சொன்னார், தாளில் ஏறவில்லை. இன்று கம்பெனி, "புகாரே வரவில்லையே" என்கிறது!

நாங்கள் ரயில்வேக்காரர்கள். ஓடும் ரயிலில் அச்சுப்பெட்டி சூடாகிப் புகைந்தால், "ஹாட் ஆக்சில்" என்று ஸ்டேஷன் ஊழியர் அபாய சைகை காட்டி ரயிலை நிறுத்துவார். நேரத்தோடு பதிவேட்டில் ஏறும். கார் ஓட்டுகிறவனுக்கு அந்தப் பதிவேடு எங்கே?

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். ஹூண்டாய், கியா கார்களின் இன்ஜின்கள் நடுரோட்டில் நின்றன, சில தீப்பிடித்தன. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தபோது விழுந்த உலோகத் துகள் தங்கி, ஆயில் போகும் வழியை அடைத்ததாக 2015இல் ஹூண்டாய் காரணம் சொன்னது. கம்பெனி குறைகளை மறைக்கிறது என்று 2016இல் அரசுக்குத் தெரிவித்தவர் அங்கே வேலை செய்த பொறியாளர் கிம் குவாங்-ஹோ. அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தனித்தனி உரிமையாளர்கள் எழுதிய தீவிபத்துப் புகார்களைத் திரட்டி, ஒரு நுகர்வோர் அமைப்பு 2018இல் மனுக் கொடுத்தது. 2019இல் விசாரணை தொடங்கியது. திரும்ப அழைப்பதில் தாமதித்ததற்காக 2020இல் இரு கம்பெனிகளுக்கும் மொத்தம் 21 கோடி டாலர் வரை அபராதம். சிதறிக் கிடந்த கடிதங்கள் ஒன்று சேர்ந்ததால் வந்த பலன் இது.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் விதி அமலில் இருக்கிறது. அபராதம் 1 கோடி ரூபாய் வரை. உரிமையாளர்களில் எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பதையும் அந்தச் சட்டம் கணக்கெடுக்கிறது. எண்ணிக்கைதான் பலம் என்று சங்கம் சொல்வதையே சட்டமும் சொல்கிறது!

ஆகவே, வாடையோ புகையோ வந்தால் வண்டியை ஓரங்கட்டி, சாவியை அணைத்து, சவாரியை இறக்கித் தள்ளி நிறுத்துங்கள். பானெட்டைத் திறக்காதீர்கள். சர்வீஸில் குறையை ஜாப் கார்டில் எழுத வைத்து நகல் வாங்குங்கள். அமைச்சகத்தில் புகாரைப் பதியுங்கள். ஒரு பிரதி சங்கத்துக்கு வரட்டும். எழுதத் தெரியாதவருக்கு ஞாயிறுதோறும் நாங்கள் எழுதித் தருகிறோம்.

அடுத்த வண்டி எரியும் வரை காத்திருக்க வேண்டாம்.