மெதுவான கணனி எல்லாம் பழைய கணனி அல்ல

(எமது வானொலியின் மாதாந்த உரைத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக வரி, வரவு செலவு என்று உங்களுடன் கதைக்கிறவன் நான். இன்று கணனி பற்றிக் கதைக்கிறேன். காரணம், நான் விட்ட ஒரு பிழை. அதே பிழை உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும்.

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் நின்றன. விண்டோஸ் 11 போடுவதற்கு, இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கணனிகள் ஒதுக்கப்பட்டன. அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்று, எங்கள் நேயரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. ரீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். 2012 ஆம் ஆண்டு மடிக்கணனி. ஞாயிறு தோறும் ஊரிலுள்ள தங்கையுடன் முகம் பார்த்துக் கதைப்பது அதில்தான். அதற்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்துத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, நான் இனிப் போனிலேயே கதைக்கிறன். எழுத்து அடிச்சுக் கன நேரத்துக்குப் பிறகுதான் வருது. அம்புக்குறியை இழுத்தால் பின்னாலை இழுபட்டு வருது. என்ர கைதான் பிந்துது போல. வயசு போட்டுது."

நேரில் போய்ப் பார்த்தேன். யன்னல் ஒன்றை இழுத்தால் விட்டு விட்டு நகர்ந்தது. தங்கையின் முகம் அசையாமல் நின்றது. விசிறி ஓயாமல் இரைந்தது. திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகளும் வேலை செய்யவில்லை. "ரீச்சர், இது பழசு, புதுசு ஒன்று வாங்குவம்" என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் ஒரு சொத்தைக் கணக்கிலிருந்து நீக்குவதற்கு முன் புத்தகத்தைப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். அதனால் கொஞ்சம் பொறுத்தேன்.

நேயர்களே, திரையில் படம் எப்படி வருகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னைய காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் நேரே திரையில் வரைந்தது. இப்போது ஒவ்வொரு யன்னலும் நினைவகத்தில் தனித்தனித் தாளில் வரையப்படுகிறது. பிறகு இன்னொரு மென்பொருள் அந்தத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிழல் போட்டு, ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்புகிறது. இந்த அடுக்கும் வேலைக்குக் கொம்பொசிட்டிங் என்று பெயர்.

சாதாரணமான 1920 க்கு 1080 திரையில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உண்டு. செக்கனுக்கு 60 தடவை என்றால் 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகள். இது வரைகலைச் சில்லுக்குச் சிறிய வேலை. அந்தச் சில்லுக்கு வேலை சொல்லிக் கொடுப்பதுதான் டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள். அந்த இயக்கி ஏறாவிட்டால் என்ன நடக்கும்? கணனி நிற்காது. மெசா என்னும் வரைகலைத் தொகுப்பில் எல்.எல்.வி.எம்.பைப் என்று ஒரு பகுதி இருக்கிறது. அது சில்லின் வேலையைப் பிரதான செயலியைக் கொண்டு செய்விக்கும். படம் வரும், ஆனால் செயலி களைத்துப்போகும். எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு பகுதியின் செலவு வேறு பகுதியின் தலையில் பதியப்படுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வரி போதும். பேனாவும் தாளும் எடுங்கள். டெர்மினலைத் திறந்து, சிறிய எழுத்தில் ஜி, எல், எக்ஸ், ஐ, என், எவ், ஓ என்று அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு, அதனுடன் சேர்த்துப் பெரிய எழுத்தில் பி. என்டர் தட்டுங்கள். கட்டளை இல்லை என்று சொன்னால் மெசா யூடில்ஸ் என்ற பொதியை நிறுவுங்கள். வருகிற விடையில் ரென்டரர் என்ற வரியைப் பாருங்கள். அங்கே இன்டெல், ஏ.எம்.டி, என்விடியா என்று உங்கள் சில்லின் பெயர் இருக்க வேண்டும். எல்.எல்.வி.எம்.பைப் என்று இருந்தால் குறை இயக்கியில்தான்.

ரீச்சரின் கணனியில் அந்தப் பெயர்தான் இருந்தது. காரணம் நான். நிறுவிய அன்று முதலில் திரை கறுப்பாக நின்றது. பொறுமையில்லாமல் 'கொம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைத் தெரிவு செய்தேன். அது 'நோமோட்செட்' என்ற சொல்லைத் தொடக்கக் கட்டளையில் சேர்க்கும். வரைகலை இயக்கியை ஏறவிடாமல் தடுப்பது அந்தச் சொல்தான். நிறுவும் நேரத்துக்கு மட்டும் உதவ வேண்டிய சொல், நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

முதலில் ஒருமுறை பரீட்சித்துப் பார்த்தேன். கணனி தொடங்கும்போது எஸ்கேப் விசையை, சில கணனிகளில் ஷிப்ட் விசையை, அழுத்தினால் குரப் பட்டியல் வரும். அதில் 'ஈ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் அந்தச் சொல்லை அழித்து, எவ் 10 தட்டினேன். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. பிழைத்தாலும் மீண்டும் தொடங்கினால் பழையபடி வந்துவிடும். திரை ஒழுங்காக வந்தது. ரென்டரர் வரியில் இன்டெல் எச்.டி. கிராபிக்ஸ் 4000 என்று இருந்தது. அதன் பிறகு, ஈ.ரி.சி கோப்புறைக்குள் டிபோல்ட் என்ற கோப்புறையில் இருக்கும் குரப் கோப்பிலிருந்து அந்தச் சொல்லை நீக்கி, 'சுடோ அப்டேட்-குரப்' கட்டளையைக் கொடுத்தேன். செலவு ஒரு சதமும் இல்லை.

இன்டெல், ஏ.எம்.டி சில்லுகளுக்கு இயக்கி லினக்ஸுடனேயே வருகிறது. கண்ட இடத்தில் தரவிறக்க வேண்டாம். வழமையான மேம்படுத்தல்களைச் செய்தால் போதும். என்விடியா என்றால் மின்டின் 'டிரைவர் மனேஜர்' பகுதியில் பரிந்துரைக்கப்பட்டதைத் தெரிவு செய்யுங்கள். மிகப் பழைய என்விடியா அட்டைகளுக்கான 340 வரிசை இயக்கியை அந்த நிறுவனம் 2019 முடிவுடனும், 390 வரிசையை 2022 முடிவுடனும் கைவிட்டது. அவற்றுக்கு நூவோ என்ற திறந்த இயக்கியே உகந்தது.

இயக்கி சரியாக இருந்தும் சில்லு வலுக் குறைந்தது என்றால் எக்ஸ்.எவ்.சி.ஈ மேசைத்தளத்துக்கு மாறலாம். அதில் 'விண்டோ மனேஜர் ட்வீக்ஸ்' பகுதியின் கடைசித் தாளில் கொம்பொசிட்டிங்கை நிறுத்தலாம். நிழல்கள் போய்விடும், வேகம் கிடைக்கும். மென்பொருள் திறப்பதற்கு மட்டும் நேரம் எடுக்கிறது, யன்னல் இழுபடுவதில் தடங்கல் இல்லை என்றால், வரைகலையை விட்டுவிட்டு வன்தட்டையும் நினைவகத்தையும் பாருங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

அந்த ஞாயிறு ரீச்சர் தங்கையுடன் ஒரு மணித்தியாலம் கதைத்தார். பிறகு என்னைக் கேட்டார்: "தம்பி, ஒவ்வொரு நாளும் திறந்தவுடன் மூலையில் ஒரு சின்னப் பெட்டி இங்கிலிசில் வரும். நான் மூடிவிடுவன். இப்ப அது வரேல்லை. அது என்ன சொன்னது?"

வரைகலை இயக்கியைச் சரிபாருங்கள், வேகம் குறையலாம் என்றுதான் அது சொன்னது. மூன்று மாதமாகக் கணனி உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. போட்டுக் கொடுத்த நான் ஒருநாளும் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "வேலை முடிஞ்சது எண்டு போக முந்தி ஒருக்கால் சரிபார்க்கிறேல்லையோ?" என்றார். வகுப்பில் பிடிபட்ட பிள்ளை போல நின்றேன்.

நேயர்களே, உங்கள் அம்மாவோ அப்பாவோ "எனக்கு இது பிடிபடேல்லை, நான் விடுறன்" என்று சொன்னால், இந்தக் கிழமையே கால் மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பாருங்கள். நான் சொன்ன அந்த ஒரு வரியை அடித்துப் பாருங்கள். அடுத்த மாதம் மீண்டும் வரி விபரங்களுடன் சந்திக்கும்வரை, உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.