காப்பிக்கொட்டையும் மூளையும்



ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் எண்ணாயிரம் பேரை, 1965-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் மருத்துவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். இதயநோய் ஏன் வருகிறது என்று கண்டறிவதுதான் நோக்கம். என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு காப்பி குடிக்கிறார்கள் என்பதையும் விசாரித்து எழுதி வைத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்புகளை அலசியபோது, யாரும் எதிர்பாராத தகவல் ஒன்று கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்களில் 102 பேருக்குப் பார்கின்சன் நோய் வந்திருந்தது. நாளொன்றுக்கு 800 மில்லிக்கு மேல் காப்பி குடித்தவர்களோடு ஒப்பிட்டால், காப்பியே தொடாதவர்களிடம் அந்த நோய் ஐந்து மடங்கு அதிகம்! 2000-ஆம் ஆண்டில் இந்த முடிவு வெளியானது.

பார்கின்சன் கொடிய நோய். டோபமைன் சுரக்கும் மூளை செல்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. சும்மா இருக்கும்போதே கைவிரல் நடுங்கும். கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். சட்டைப் பொத்தான் போடுவதற்கே வெகுநேரம் பிடிக்கும்.

ஹவாய் ஆய்வில் முதல் சந்தேகம் காஃபீன் மீதுதான் விழுந்தது. ஏனென்றால், காப்பி அல்லாத வழிகளில் காஃபீன் உட்கொண்டவர்களிடமும் நோய் குறைவாகவே இருந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வந்து நம்மைச் சோர வைக்கிறது. அது வந்து அமர வேண்டிய இருக்கையில் காஃபீன் முந்திக்கொண்டு துண்டு போட்டுவிடுகிறது. தூக்கம் கலைவது இதனால்தான். அதே வகை இருக்கைகள், உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியில் ஏராளம். அவற்றை அடைக்கும் இஸ்ட்ராடெஃபிலின் என்ற மருந்துக்கு 2013-இல் ஜப்பானும் 2019-இல் அமெரிக்காவும் அனுமதி தந்தன. பார்கின்சன் நோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு சேர்த்து அதைக் கொடுக்கிறார்கள்.

ஆனால் காஃபீனோடு கதை முடியவில்லை.

கனடாவின் டொரான்டோ நகரில் டொனால்ட் வீவர் குழுவினர் 2018-இல் மூன்று வகைக் காப்பிகளைச் சோதித்தார்கள்: இளவறுவல், கருக வறுத்தது, காஃபீன் நீக்கிக் கருக வறுத்தது. மறதிநோய்களில் ஒன்றான அல்சைமரில் மூளைக்குள் திரண்டு கட்டியாகும் பீட்டா அமிலாய்டு, டவ் என்னும் இரண்டு புரதங்களையும் திரளவிடாமல் தடுப்பது எது என்று பார்த்தார்கள். காஃபீன் நீக்கிய காப்பியும் வேலை செய்தது! அதற்குக் காரணமாக அவர்கள் சுட்டியது ஃபினைலிண்டேன் என்ற பொருட்களை. பச்சைக் கொட்டையில் இவை இருப்பதில்லை. வறுபடும்போதுதான் குளோரோஜெனிக் அமிலம் சிதைந்து இவை உருவாகின்றன. கரு வறுவலின் கசப்பில் பெரும்பங்கு இவற்றுக்கு உண்டு. ஆனால் இது சோதனைக்கூடத்தில் கண்டது. மனித மூளைக்குள் நடப்பதாக நிரூபணமாகவில்லை.

மறதிநோய் விஷயத்தில் மனிதர்களைப் பின்தொடர்ந்த சான்று பின்லாந்தில் இருக்கிறது. அங்கே 1,409 பேரைச் சுமார் 21 ஆண்டுகள் கவனித்ததில், நடுவயதில் தினமும் மூன்று முதல் ஐந்து கோப்பை குடித்தவர்களுக்கு முதுமை மறதிநோய் வரும் வாய்ப்பு, மிகக் குறைவாகக் குடித்தவர்களைவிட 65 சதவீதம் குறைவாக இருந்தது.

ஹவாய் ஆய்வின் முடிவில் ஒரு சிக்கலும் உண்டு. பார்கின்சன் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பலருக்கு மோப்ப சக்தி குறைந்துவிடும். மணம் தெரியாதவருக்குக் காப்பியில் என்ன நாட்டம் இருக்கும்? காப்பி குடிக்காததால் நோய் வந்ததா, நோய் உள்ளே தொடங்கியதால் காப்பி பிடிக்காமல் போனதா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஏற்கெனவே பார்கின்சன் வந்த 121 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. காஃபீன் மாத்திரை அவர்களின் அசைவுக் கோளாறுகளைக் குறைக்கவில்லை. அளவு மீறினாலும் ஆபத்துதான். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வொன்றில், நாளுக்கு ஆறு கோப்பைக்கு மேல் குடித்தவர்களிடம் மறதிநோய் அதிகமாகவே காணப்பட்டது.

நம் வீட்டு டிகாக்‌ஷனில் சிக்கரி கலந்திருந்தால், அந்த அளவுக்குக் காஃபீன் குறையும். சிக்கரியில் காஃபீன் கிடையாது. அதைவிடக் கவனிக்க வேண்டியது சர்க்கரை. நீரிழிவு மறதிநோய்க்கான ஆபத்தைக் கூட்டும் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த சங்கதி. ஆகவே மூளையின் பெயரைச் சொல்லிக் காப்பியைக் கூட்ட வேண்டாம். அளவாகக் குடிப்பவர்கள் பயந்து நிறுத்தவும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்களுக்குக் கை நடுக்கமோ, பழகிய வழியே மறந்துபோகும் தடுமாற்றமோ தெரிந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.