அடுப்பும் உரிமையும்

(சொறிக்கல்முனையில் ஆற்றிய உரை)



1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டது. ஓகஸ்ட் 12இல் மக்கள் ஹர்த்தால் செய்தனர். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

2022இலோ அரிசி மட்டுமன்று, எரிவாயுவும் அரிதாயிற்று. இறக்குமதிக் கோதுமையின் மா விலையும் பன்மடங்காயிற்று. நெல் விளையும் இம்மண்ணில் பாண் கடையை நோக்கி நின்றோம். குற்றம் ஆட்சியாளருடையது, அதனை மறவோம்.

ஆயினும், சட்டம் கற்ற நாம் விறகடுப்பு மூட்டவும், அரிசி மாவிலே பிட்டு அவிக்கவும் அறியாது நாணினோம். நம் மூத்த தாய்மார் அக்கலையை இன்னும் மறந்திலர். அவர்களிடம் இன்றே கற்போம், ஆண்மக்களும் கற்கட்டும்.

இது விலையுயர்வைப் பொறுத்துக்கொள்ளும் உபாயமன்று. தன் நெல்லைத் தானே சமைக்கத் தெரிந்த குடியே அஞ்சாது உரிமை கேட்கும்.