நூறாவது நாள்

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு வேடிக்கையான கொண்டாட்டம் உண்டு. பள்ளி திறந்த நூறாவது நாள்! பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். அன்றைக்கு ஆறு வயசுப் பிள்ளைகள் நரைமுடி, மூக்குக்கண்ணாடி, கைத்தடி சகிதமாக நூறு வயசுத் தாத்தா பாட்டியாக வந்து இறங்குவார்கள்.

வெறும் கூத்து என்று நினைத்துவிட வேண்டாம். பல வகுப்புகளில் முதல் நாளிலிருந்தே தினம் ஒரு ஸ்ட்ராவை ஒரு டப்பாவில் சேர்க்கிறார்கள். பத்து சேர்ந்ததும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு. அது பக்கத்து டப்பாவுக்குப் போகும். நூறாவது நாளில் பத்துக் கட்டும் சேர்ந்து ஒரே பெரிய கட்டு. இடமதிப்பு என்று நாம் கரும்பலகையில் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுப்பது, அந்தக் குழந்தையின் கையிலேயே இருக்கிறது!

வீட்டிலிருந்து நூறு பொருள் எண்ணிக் கொண்டுவரச் சொல்வதும் வழக்கம். பொத்தான், பாஸ்தா, சில்லறைக் காசு, எதுவானாலும் சரி.

நம் வீட்டில் புளியங்கொட்டை இருக்கிறது. வாசலில் பத்துக்குப் பத்து கோலப்புள்ளி வைத்தால் அதுவும் நூறுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எண்ணச் சொல்லிப் பாருங்கள். வறுத்த கடலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எண்ணிக்கை தொண்ணூறைத் தாண்டாது!