பிள்ளையின் வயலினை எப்படிக் கேட்பது?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் நினைப்பீர்கள். இன்று அது இல்லை. எங்கள் வகுப்பைச் சேர்ந்த நாங்கள் மூவர் சென்ற வருடம் ஒரு தவறு செய்யப் பார்த்தோம். நல்ல வேளையாகச் செய்து முடிக்கவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

எங்கள் பாடசாலையில் இப்போது படிக்கும் ஒரு பிள்ளை வயலின் கற்கிறாள். முக்கால் அளவு வயலின் அவளுக்குச் சிறிதாகிவிட்டது. முழு அளவு வயலின் வாங்கவும் ஒரு வருடப் பாடச் செலவுக்கும் சங்கம் உதவலாமா என்று கேள்வி வந்தது. பாடசாலை நாட்களில் வயலின் படித்தவர்கள் என்பதால் எங்கள் மூவரிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். ஒருத்தி வெள்ளவத்தையில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி டொரொன்ரோவில். மூவரில் இருவர் வைத்தியர்கள். ஒருவரும் வித்துவான் அல்ல.

பிள்ளை இரண்டு கொன்சேர்ட்டோக்களைப் பதிந்து அனுப்பியிருந்தாள். ஒன்று விவால்டியின் ஏ மைனர், மற்றது பாக்கின் ஏ மைனர். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டின் முன் அறையில், கைப்பேசியில் எடுத்த பதிவு. தெரிந்த ஒரு அண்ணா கீபோர்டில் வாத்தியக் குழுவின் பங்கை வாசித்திருக்கிறார். பாக்கின் மெதுவான பகுதி முடியும் இடத்தில் கடலோர ரயில் ஒன்று கடகடவென்று போகிறது.

நாங்கள் ஒரு தடவை கேட்டோம். வட்ஸ்அப்பில் புள்ளிகள் போட்டோம். தொனி மெலிவு. சத்தத்தில் ஏற்ற இறக்கம் இல்லை. உணர்ச்சி போதாது. “இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம்” என்று முடித்தோம். எங்களில் ஆகக் குறைந்த புள்ளி போட்டவள் டொரொன்ரோவில் இருப்பவள்.

அன்றிரவு அவளே திரும்ப அழைத்தாள். நித்திரை வரவில்லை என்றாள்.

1996ஆம் ஆண்டை எங்கள் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. அந்த வருடம் கொட்டாஞ்சேனையில் இருந்த இவள், ஒரு போட்டிக்காகத் தன் வயலினை கசெற்றில் பதிந்து அனுப்பினாள். மின்சாரம் இல்லாதபடியால் ரேப் றெக்கோடர் பற்றரியில் ஓடியது. திரும்பி வந்த தாளில் ஒரே ஒரு வரி இருந்தது. பிள்ளைக்குச் செவி இல்லை, சுருதி ஏறிக்கொண்டே போகிறது என்று. பெட்டியை மூடியவள் பிறகு திறக்கவில்லை.

ஏன் சுருதி ஏறியது என்பது பல வருடம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. பதியும்போது பற்றரி இறங்க இறங்க நாடா மெல்ல ஓடியிருக்கிறது. மெல்ல ஓடிய நாடாவை வேறொரு இயந்திரத்தில் சரியான வேகத்தில் போட்டால் சுருதி கூடித்தான் கேட்கும். தவறு பிள்ளையின் செவியில் இல்லை, பற்றரியில். அதைச் சொல்ல அந்த நேரம் யாரும் இல்லை. “எனக்குச் செய்ததையே நான் இந்தப் பிள்ளைக்குச் செய்யப் பார்த்தேன்” என்றாள்.

வைத்தியர்களாகிய எங்களுக்கு இது வெட்கமாக இருந்தது. ஈ.சி.ஜி. தாளைக் கையில் எடுத்தவுடன் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்று முதல் வருடத்திலேயே கற்கிறோம். நோயாளி குளிரில் நடுங்கினால் கோடும் நடுங்கும். வயர் மாறிப் பொருத்தினால் இல்லாத நோய் தாளில் தெரியும். முதலில் இயந்திரத்தைப் பார், பிறகு நோயாளியைப் பார் என்பது பாலபாடம். அதை வயலினுக்கு மட்டும் மறந்துவிட்டோம்.

மறுநாள் மூவரும் உட்கார்ந்து, எது எதற்குச் சொந்தம் என்று பிரித்தோம்.

முதலாவது, கைப்பேசி. அது மனிதர் பேசுவதைப் பதியச் செய்த கருவி. சத்தம் கூடினால் தானே குறைக்கும், குறைந்தால் தானே கூட்டும். பிள்ளை மெல்ல வாசித்த இடத்தையும் ஓங்கி வாசித்த இடத்தையும் அது ஒரே மட்டமாக்கியிருக்கிறது. ஏற்ற இறக்கம் இல்லை என்று நாங்கள் போட்ட குறையில் பாதி கைப்பேசிக்குரியது.

இரண்டாவது, வாத்தியம். சிறிய வயலினின் உடலும் சிறியது, தந்தியும் குட்டை. அதில் கனத்த தொனி எப்படி வரும்? முழு அளவு வயலின் வேண்டும் என்று கேட்கும் பிள்ளையிடம், முழு அளவு வயலினின் தொனி உன்னிடம் இல்லையே என்று புள்ளி குறைத்திருக்கிறோம்.

மூன்றாவது, எங்கள் சொந்த நினைவு. இதுதான் பெரியது. மூவர் வீட்டிலும் பெரிய கலைஞர்களின் இறுவட்டுகள் இருக்கின்றன. அவற்றோடுதான் எங்களை அறியாமலே ஒப்பிட்டோம். ஆனால் அந்த இறுவட்டுகள் பல தடவை வாசித்து, நல்ல இடங்களைத் தேர்ந்து, வெட்டி ஒட்டியவை. பிள்ளையின் பதிவோ தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் வாசித்தது.

பழைய இசைத்தட்டுக் காலத்தில் வெட்டி ஒட்ட வழியில்லை. 1932இல் பரிசில் 16 வயது யெகுதி மெனுஹின், தன் குருவான ஜோர்ஜ் எனெஸ்குவோடு சேர்ந்து, பாக் இரு வயலின்களுக்கு எழுதிய டி மைனர் கொன்சேர்ட்டோவைப் பதிந்தார். தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடம் அடங்கினால் பெரிது. அதனால் துண்டு துண்டாக நிறுத்தி வாசிக்க வேண்டியிருந்தது. இன்றும் அந்தப் பதிவைத் தேடிக் கேட்கிறார்கள். குருவும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வாசிப்பது அதில் கேட்கும். ஆனால் இன்று பரோக் இசையையே தனியாகப் படித்தவர்கள் அப்படி வாசிப்பதில்லை. ஆட்டுக்குடல் தந்தி, பழைய காலத்து வில், நம் கணக்கில் ஏறக்குறைய அரைச் சுருதி இறக்கம், விரல் நடுக்கம் மிகக் குறைவு. மெனுஹினின் பாக்கும் பாக்தான், இதுவும் பாக்தான். எங்கள் பிள்ளை விரலை அதிகம் நடுக்காமல் வாசித்ததை உணர்ச்சிக் குறைவு என்று எழுதினோமே, அவளுடைய ஆசிரியை அப்படித்தான் கற்பித்திருக்கிறார் என்று பிறகு அறிந்தோம்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. பெண் பிள்ளைகளின் பாடசாலையில் படித்த நாம் எல்லோரும் அறிய வேண்டியது.

1703இல் வெனிஸ் நகரில் பியத்தா என்ற இல்லத்துக்கு விவால்டி வயலின் ஆசிரியராகப் போனார். பெற்றோர் கைவிட்ட குழந்தைகளை வளர்த்த இல்லம் அது. அங்கே இசை கற்ற பெண் பிள்ளைகள்தான் அவருடைய வாத்தியக் குழு. விவால்டி எழுதிய கொன்சேர்ட்டோக்கள் சுமார் 500. அவற்றில் 200க்கும் மேற்பட்டவை தனி வயலினுக்கானவை. பலவற்றை அந்தப் பிள்ளைகளுக்காகவே எழுதினார். எங்கள் பிள்ளை வாசித்த ஏ மைனர், 1711இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான 12 கொன்சேர்ட்டோக்களில் ஆறாவது.

அந்தப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வாத்தியத்தின் பெயரே அடையாளம். அவர்களில் பெரும் புகழ் பெற்றவள் வயலின் அன்னா மரியா. அவளுக்கென்றே விவால்டி பல கொன்சேர்ட்டோக்கள் எழுதினார். பிறகு அவளே அங்கே ஆசிரியையானாள். வாசிக்கும்போது அவர்கள் மாடத்தில் கம்பித் தட்டிக்குப் பின்னால் நிற்பார்கள். கேட்பவர்களுக்கு முகம் தெரியாது, ஒலி மட்டும் வரும். இன்று நாம் ஒரு பதிவைக் கேட்பதுபோல.

1743இல் வெனிசுக்கு வந்த பிரெஞ்சு எழுத்தாளர் ரூசோ, அங்கிருந்த இன்னொரு இல்லத்தில் இப்படிக் கேட்டு மயங்கினார். தேவதைகள் என்று நினைத்து, நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பார்த்தபோது ஒருத்திக்கு ஒரு கண் இல்லை, ஒருத்தியின் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. மனம் சோர்ந்துபோனார். ஆனால் பழகிப் பார்த்து, மறுபடியும் போய்க் கேட்டபோது, பாட்டு அவர்களை அவர் கண்ணுக்கு அழகாக்கிவிட்டது என்று தாமே எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் தடவை கேட்டதில்தான் அவருக்கு விளங்கியது. எங்களுக்கும் அப்படித்தான்.

இது வெள்ளைக்காரர் இசை, எங்களுக்கு என்ன தெரியும் என்று யாரும் ஒதுங்க வேண்டாம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, சென்னைக் கோட்டையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் இசைக்குக் கொண்டுவந்து 200 வருடமாகிறது. அந்த வயலின் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தார். அவர் மகன் எல். சுப்பிரமணியத்தின் பிள்ளைப் பருவம் யாழ்ப்பாணத்தில்தான். 1958 கலவரத்தோடு குடும்பம் இந்தியா திரும்பியது. சுப்பிரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து வைத்தியரானார். பிறகு வயலினையே வாழ்க்கையாக்கி, மேலை வாத்தியக் குழுக்களுக்குத் தாமே கொன்சேர்ட்டோக்கள் எழுதினார். வைத்தியப் படிப்புக்காக வாத்தியத்தை மூட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லும் அம்மாமார் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

கொன்சேர்ட்டோவின் அமைப்பும் நமக்குப் புதிதல்ல. வாத்தியக் குழு ஒரு பகுதியைச் சொல்லும். தனி வயலின் புறப்பட்டு ஓடும். குழு மறுபடி தன் பகுதியோடு வரும். பல்லவி திரும்பி வருவதுபோல. மெதுவான பகுதியில் தாளில் எழுதியதோடு நிற்காமல் அணி சேர்ப்பது அக்காலத்தில் வாசிப்பவரின் பொறுப்பு. சங்கதி போடுவது நமக்குத் தெரியாததா?

இப்படியெல்லாம் பிரித்துவைத்துவிட்டு மறுபடி கேட்டோம். எஞ்சியது பிள்ளைக்குச் சொந்தமானது. பாக்கின் நடுப்பகுதியில் அடித்தளத்தில் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும். அதன்மேல் வயலின் நீண்ட வரிகளாகப் பேச வேண்டும். அவள் ஒரு வரியையும் இடையில் உடைக்கவில்லை. முதல் தடவை நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. மூன்றாம் பகுதி மூன்று மூன்றாகத் துள்ளும் நடனம். அங்கே அவள் விரைந்துவிட்டாள். கீபோர்ட் வாசித்த அண்ணா பின்னால் ஓடி வருகிறார். அது உண்மையான குறை. விவால்டியில் மேல் இடங்களில் சில சுரங்கள் தாழ்ந்திருந்தன. அதுவும் உண்மைதான். குறைகளை மறைப்பது கருணை ஆகாது. நோயாளியிடம் பொய் சொல்லும் வைத்தியரை யாரும் நல்லவர் என்பதில்லை.

ஆகவே கடிதத்தை மூன்று பகுதியாக எழுதினோம். உன் வாசிப்பில் நாங்கள் கேட்டது இது. அடுத்த மூன்று மாதத்தில் திருத்த வேண்டியது இந்த ஒன்று: கடைசிப் பகுதியை மெல்லத் தாளம் போட்டு, அண்ணாவின் பங்கைக் கேட்டபடி வாசி. பிறகு மறுபடி பதிந்து எங்களுக்கு அனுப்பு. கைப்பேசியை இன்னும் தள்ளி வைக்கச் சொன்னோம். சங்கத்துக்கு, வயலின் இப்போதே வாங்கிக் கொடுங்கள் என்று எழுதினோம். செயற்குழு ஏற்றுக்கொண்டது.

பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டாள். “ரயில் சத்தம் வந்திட்டுது அக்கா. அந்த இடத்தைத் திரும்ப எடுத்து அனுப்பட்டே?” வேண்டாம் என்றோம். ரயில் போகும்போதும் அவள் கடைசிச் சுரத்தை விடாமல் பிடித்திருந்தாள்.

அன்பான சகோதரிகளே, வெளிநாட்டில் இருக்கும் நம்மிடம் இனிமேல் இப்படிப் பல பதிவுகள் வரும். வயலின் மட்டுமல்ல. பாட்டு, பேச்சு, கவிதை எல்லாம் வரும். உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒரு தடவை கேட்டுப் புள்ளி போடாதீர்கள். கருவிக்குரியதைப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். ஒரு வரியில் பதில் எழுதாதீர்கள். அந்த ஒரு வரி 27 வருடத்துக்கு மேல் ஒரு பெட்டியை மூடி வைத்ததை நாங்கள் கண்டிருக்கிறோம்.

டொரொன்ரோத் தோழி இந்த மார்கழியில் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போயிருந்தாள். அலுமாரியின் மேல் பெட்டி அப்படியே இருந்ததாம். நாலு தந்தியில் மூன்று அறுந்திருந்தன. புதுத் தந்தி வாங்க வெள்ளவத்தைக்கு வந்தாள். நாங்களும் கூடப் போனோம்.