விரல் போய் ரோபோ வந்த கதை

1925 மே மாசம், லண்டன் ஹாஸ்பிட்டல். ஹென்றி சௌட்டர்ங்கிற சர்ஜன், துடிச்சுக்கிட்டிருக்கிற இதயத்தோட இடது மேலறையில சின்னதா ஒரு வெட்டுப் போட்டு, ஆள்காட்டி விரலை உள்ள விடுறார். சுருங்கிப்போன மைட்ரல் வால்வை விரலாலேயே தடவிப் பார்த்து, அகலப்படுத்துறார். கண்ணுக்கு எதுவும் தெரியாது, எல்லாம் தொடுஉணர்ச்சிதான். அந்த இளம்பெண் பிழைச்சாங்க. ஆனா அதுக்கப்புறம் எந்த டாக்டரும் அவர்கிட்ட இந்த ஆபரேஷனுக்கு ஒரு நோயாளியைக்கூட அனுப்பல!

அடுத்த பெரிய வெற்றிக்கு 1948 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. ஃபிலடெல்ஃபியாவுல சார்லஸ் பெய்லிங்கிற சர்ஜன். ஏற்கெனவே சில நோயாளிகளை இழந்தவர். இன்னொரு மரணம்னா ஆபரேஷன் தியேட்டர் கதவையே மூடிடுவாங்கன்னு தெரியும். அதனால ஜூன் 10-ம் தேதி, வேற வேற ஆஸ்பத்திரியில ரெண்டு ஆபரேஷன் வெச்சார். காலையில முதல் நோயாளி இறந்துட்டார். சேதி பரவி யாராவது தடுக்கிறதுக்குள்ள அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்க ஜெயிச்சார். இதைத் துணிச்சல்னு சொல்றதா, வெறின்னு சொல்றதா? இன்னிக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதுக்கு அனுமதி தராது.

1953-ல ஜான் கிப்பனோட ஹார்ட்-லங் மெஷின் வந்ததும்தான் இதயத்தை நிறுத்தி, திறந்து, நிதானமா பார்க்க முடிஞ்சது. அப்புறம் போர்ட்லாண்டுல லோவல் எட்வர்ட்ஸ்னு ஒரு இன்ஜினியர், சர்ஜன் ஆல்பர்ட் ஸ்டார்கிட்ட வந்து செயற்கை இதயமே செய்யலாம்னார். முதல்ல ஒரு வால்வு செய்வோம்னார் ஸ்டார். கூண்டுக்குள்ள ஒரு சிலிகான் பந்து: 1960-ல மனுஷங்களுக்குப் பொருத்தினாங்க. ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை போடணும். வால்வை மாத்தாம ரிப்பேர் பண்ணலாமேன்னு வழி காட்டினவர் பாரிஸ் சர்ஜன் அலென் கார்ப்பான்டியே.

1998-ல ரோபோ உதவியோட மைட்ரல் வால்வை முதல்ல சரிபண்ணினதும் அவர்தான். ரோபோன்னதும் அதுவா ஆபரேஷன் பண்ணும்னு நினைச்சுடாதீங்க. சர்ஜன் கொஞ்ச தூரத்துல உட்கார்ந்து கைப்பிடியை அசைக்க, விலா எலும்பு இடுக்கு வழியா போன கருவிகள் அப்படியே திரும்பும். காட்சி முப்பரிமாணத்துல, பல மடங்கு பெருசா தெரியும். ஆனா அந்தக் காலத்து டா வின்சிங்கிற ரோபோ மெஷின்ல தொடுஉணர்ச்சி கிடையாது. தையல் நூலை எவ்வளவு இழுக்கலாம்னு, சதை சுருங்குறதைப் பார்த்தே கணிக்கணும்.

நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டாம்; அது பெரிய லாபம். ஹார்ட்-லங் மெஷின் மட்டும் இன்னும் விட்டபாடில்லை. பெரும்பாலும் தொடை ரத்தக்குழாய் வழியா மாட்டுறாங்க.